குனிதலின் விலை: வீ யூ கேம்பேடின் இரட்டைத் திரையும் நோக்கும்

ஆய்வுச் சுருக்கம்

நிண்டெண்டோ நிறுவனத்தின் வீ யூ கன்சோலுடன் 2012இல் வெளிவந்த கேம்பேட், நடுவில் தொடுதிரை பதித்த கைக்கருவியாகும். ஆடுபவரின் கண்ணைத் தொலைக்காட்சிக்கும் கைக்கும் இடையே அது அலையவிடுகிறது என்பது அதன்மீது தொடர்ந்து வைக்கப்பட்ட குற்றச்சாட்டு. அந்த அலைவே இக்கருவி படைப்பாளர்க்கு அளித்த தனிப்பொருள் என்பதும், அதற்கு ஒரு விலை வைத்த படைப்புகளே இக்கருவியில் வென்றன என்பதும் இக்கட்டுரையின் கருத்து. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் நோக்கு என்னும் உறுப்பு இவ்வாய்வுக்குத் துணையாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, வீ யூ, கேம்பேட், தொடுதிரை, நோக்கு, வடிவமைப்புத் திறனாய்வு

முன்னுரை

ஒரு கருவி விற்பனையில் தோற்றால் அதன் வடிவமைப்பும் தோற்றதாகவே எழுதப்பட்டுவிடுகிறது. வீ யூ பற்றிய எழுத்துகளுள் பெரும்பாலானவை இவ்வகையின. 2006இல் வந்த வீ கன்சோல் 10 கோடிக்கு மேல் விற்றது. அதன் வழித்தோன்றலான வீ யூ 1 கோடியே 35 லட்சத்து 60 ஆயிரத்தோடு நின்றது. 2012 நவம்பரில் வட அமெரிக்காவில் கடைக்கு வந்த கன்சோலின் உற்பத்தி 2017 தொடக்கத்தில் முடிவுக்கு வந்துவிட்டது.

இத்தோல்விக்குக் காரணங்கள் பல. 2011 ஜூனில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த ஈ3 கண்காட்சியில் நிறுவனம் கைக்கருவியையே முன்னிறுத்தியது. கன்சோல் என்னும் பெட்டி கண்ணில் படாத மூலைக்குப் போயிற்று. இது புதிய கன்சோலா, பழைய வீ கன்சோலுக்கு வந்த துணைக்கருவியா என்று பலரும் குழம்பினர். பெயரும் அக்குழப்பத்தை வளர்த்தது. 2014 ஜனவரியில் அவ்வாண்டின் விற்பனை எதிர்பார்ப்பை 90 லட்சத்திலிருந்து 28 லட்சமாகக் குறைக்க வேண்டிய நிலை ஏற்பட்டபோது, கேம்பேடின் பயனை மக்களுக்கு உணர்த்தத் தவறிவிட்டோம் என்று அன்றைய தலைவர் சதோரு இவாதா வெளிப்படையாகவே சொன்னார். வணிக வரலாறு இவ்வளவோடு நிறைவு பெறுகிறது. அதை மீண்டும் எழுதுவது இக்கட்டுரையின் பணியன்று. அக்கருவிக்கென எழுதப்பட்ட விளையாட்டுகளைப் படைப்புகளாக எடுத்துக்கொண்டு, கருவியின் வடிவம் அவற்றிடம் எதைக் கேட்டது, அவை எதைக் கொடுத்தன என்று பார்ப்பதே நோக்கம்.

கருவியின் உடல்

கேம்பேட் ஏறத்தாழ 25.5 சென்டிமீட்டர் அகலமும் 491 கிராம் எடையும் உடையது. நடுவில் 6.2 அங்குலத் திரை. 854க்கு 480 புள்ளிகள். திரையின் இருமருங்கும் பொத்தான்கள், அவற்றின் மேல் இரண்டு விசைக்கோல்கள். 2011இல் காட்டப்பட்ட மாதிரியில் வழுக்கிச் செல்லும் வட்டத்தட்டுகளே இருந்தன. மறுஆண்டு அவற்றுக்குப் பதிலாக, அழுத்தவும் கூடிய கோல்கள் வந்தன. பின்புறத்தில் விரல்கள் தாங்கிப் பிடிப்பதற்கு ஒரு மேடு ஓடுகிறது. படத்தில் பருத்துத் தோன்றும் இக்கருவி கையில் எடுத்தால் அவ்வளவு கனப்பதில்லை. அந்த மேடு செய்யும் வேலை அது. நிழற்படக் கருவி, ஒலிவாங்கி, அசைவை உணரும் உறுப்புகள், தொலைக்காட்சியை இயக்கும் அகச்சிவப்புக் கதிர் என மற்றவை பலவும் உள்ளே அடைக்கப்பட்டிருந்தன. அவற்றுள் பாதியேனும் இல்லாதிருந்தால் மின்கலம் இன்னும் சற்று நீடித்திருக்கும். 1500 மில்லி ஆம்பியர்-மணி மின்கலம் மூன்று முதல் ஐந்து மணி நேரமே தாங்கியது.

இரண்டு செய்திகள் இங்கு முதன்மையானவை. முதலாவது, இத்திரை அழுத்தத்தை உணரும் வகையைச் சேர்ந்தது. ஒரு நேரத்தில் ஒரு தொடுகையை மட்டுமே அறியும். 2010இல் ஐபேட் வந்த பிறகு, இரு விரல்களால் படத்தை விரிப்பது குழந்தைகளுக்கும் பழகிப்போன செயல். பலகைக்கணினி போன்ற தோற்றத்தோடு வந்த கேம்பேடில் அது நடவாது. தோற்றம் தந்த வாக்குறுதியைத் திரை காப்பாற்றவில்லை. எனினும் ஸ்டைலஸ் கொண்டு நுணுக்கமாகக் கோடிழுக்க இவ்வகைத் திரை மிகவும் ஏற்றது. 2004இல் வந்த டிஎஸ் கையடக்கக் கருவியிலிருந்தே நிண்டெண்டோவிற்கு இது கைவந்த தொழில்நுட்பம்.

இரண்டாவது, கேம்பேட் தானாக எதையும் கணக்கிடுவதில்லை. இரு திரைகளுக்குமான படங்களையும் கன்சோலே உருவாக்குகிறது. கைத்திரைக்கு உரியது காணொளியாகச் சுருக்கப்பட்டுக் கம்பியின்றி அனுப்பப்படுகிறது. காலத்தாழ்வு கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு. பொறியியலில் இது பெரிய செயல். ஆனால் கன்சோலை விட்டுச் சில மீட்டர் விலகினால் கைத்திரை இருண்டுவிடும். ஆகவே, கையில் எடுத்துச்செல்லும் பொருள்போல் தோன்றும் இது, உண்மையில் தொலைக்காட்சி இருக்கும் அறையின் ஓர் உறுப்பு. கேம்பேடைப் புரிந்துகொள்ள அந்த அறையையும், அதில் அமர்ந்திருப்பவரையும், அவருக்கும் தொலைக்காட்சிக்கும் உள்ள தொலைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கண் செல்லும் தொலைவு

இரு திரை என்பது நிண்டெண்டோவிற்குப் புதிதன்று. 1982இலேயே கேம் அண்ட் வாட்ச் வரிசையில் இரு திரைக் கருவிகள் வந்தன. டிஎஸ் கருவியிலும் இரு திரைகள். அவை இரண்டும் ஒரே கையில், ஒன்றன்மேல் ஒன்றாக, ஒரே தொலைவில் இருந்தன. கண்விழி சற்றே கீழிறங்கினால் போதும். கேம்பேடில் நிலைமை வேறு. பெருந்திரை இரண்டு மூன்று மீட்டருக்கு அப்பால். கைத்திரை மடிக்கு மேல், முழநீளத் தொலைவில். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லக் கழுத்து குனிய வேண்டும். கண்வில்லை தன் குவியத்தை மாற்ற வேண்டும். புதிய படத்தில் எது எங்கே இருக்கிறது என்று மனம் மீண்டும் தேட வேண்டும். மூன்றும் சேர்ந்து நொடியில் ஒரு பங்கையேனும் விழுங்கும். நாற்பது வயதைக் கடந்தவருக்கு இன்னும் கூடுதல். விரைவான விளையாட்டில் அப்பங்கு நீண்ட காலம். அதற்குள் ஆடுபவரின் பாத்திரம் இறந்துவிடலாம்.

திறனாய்வாளர் பலர் இதைக் குறையென்று எழுதினர். குறைதான், அந்த நேரத்தைக் கணக்கில் கொள்ளாத விளையாட்டுகளில். இவ்விடத்தில் பழைய கலைச்சொல் ஒன்று உதவும். செய்யுளின் உறுப்புகளாகத் தொல்காப்பியர் எண்ணும் 34இல் நோக்கும் ஒன்று. மாத்திரை தொடங்கி அடி நிரம்பும்வரை, கேட்பவர் நின்று நோக்கி உணருமாறு செய்யும் காரணம் எதுவோ அதுவே நோக்கு என்பது நூற்பாவின் கருத்து. கவனம் என்பதைப் படிப்பவரின் திறமையாக மட்டும் கொள்ளாமல், செய்யுளின் அமைப்பிலேயே இடம்பெறும் உறுப்பாக அது வைக்கிறது. யாப்பு பற்றிய சொல்லைப் பிளாஸ்டிக் கருவிக்குப் பொருத்துவது மிகையென்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் கண் எங்கே நிற்க வேண்டும், எப்போது நகர வேண்டும் என்பதைப் படைப்பே அமைக்கிறது என்ற அளவில் இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. பார்வை ஆடுபவருடையது, நோக்கு விளையாட்டினுடையது. கேம்பேடுக்கு எழுதிய படைப்பாளர் ஒவ்வொருவரும், அறிந்தோ அறியாமலோ, நோக்கை யாத்தவர்களே.

நோக்கை யாத்த படைப்புகள்

யூபிசாஃப்ட் நிறுவனத்தின் ஜோம்பியூ, கன்சோலுடனேயே வெளிவந்த விளையாட்டு. நோய் பரவி அழிந்த லண்டனில் ஒருவர் உயிர்பிழைக்க வேண்டும். அவரது முதுகுப்பை கைத்திரையில் திறக்கிறது. மருந்தை எடுக்கவோ துப்பாக்கியை மாற்றவோ விரும்பினால் ஆடுபவர் குனிந்து, திரையைத் தொட்டு, பொருள்களை நகர்த்த வேண்டும். மற்ற விளையாட்டுகளில் பையைத் திறந்தால் உலகம் உறைந்து நிற்கும், இங்கு நிற்பதில்லை. பெருந்திரையில், பையின் முன் மண்டியிட்ட பாத்திரமும் அவரைச் சூழ்ந்த இருளும் தெரிகின்றன. பாத்திரம் குனிந்து பையைத் துழாவும் அதே நேரத்தில் ஆடுபவரும் குனிந்து துழாவுகிறார். இருவருக்கும் முதுகு காட்டும் அச்சம் ஒன்றே. பொருள்களை எடுத்து வைக்கும் அற்பச் செயலுக்கு, வேறெந்தக் கருவியிலும் கிடைக்காத நடுக்கம் இதனால் கிடைத்தது.

2015இல் இவ்விளையாட்டு ஜோம்பி என்ற பெயரில் பிற கன்சோல்களுக்கும் கணினிக்கும் மாற்றப்பட்டது. பை அங்கே அதே பெருந்திரையின்மேல் திறக்கிறது. காலம் அங்கும் நிற்பதில்லை, விதி மாறவில்லை. ஆயினும் ஓரக்கண்ணால் ஆபத்தைக் கண்டுகொண்டே பையை ஒழுங்குசெய்ய முடிகிறது. விதியை மாற்றாமல் கண்ணின் தொலைவை மட்டும் நீக்கியபோது படைப்பில் எது குறைகிறது என்பதை இவ்விரு வடிவங்களையும் அடுத்தடுத்து ஆடினால் எவரும் உணரலாம். கேம்பேடின் பங்கு எவ்வளவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

2013இல் வந்த கேம் அண்ட் வாரியோ தொகுப்பு மொத்தத்தில் சுமாரானது; அதில் கேமர் என்னும் ஒரே விளையாட்டு மட்டும் தனித்து நிற்கிறது. 9-வோல்ட் என்ற சிறுவன் இரவில் படுக்கையில் போர்வைக்குள் ஒளித்து வைத்துக் கையடக்க விளையாட்டு ஆடுகிறான். அவன் ஆடுவது கைத்திரையில். அவன் அறை பெருந்திரையில். எந்த நேரமும் அவனுடைய தாய் வந்துவிடலாம். கதவு வழியாக மட்டுமன்று, சன்னலிலும், அறையிலுள்ள தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்தும்கூட. வருகிறாள் என்று தெரிந்தவுடன் போர்வைக்குள் மறைந்து உறங்குவதுபோல் நடிக்க வேண்டும். கைத்திரையில் வரும் சிறு விளையாட்டுகளோ சில நொடிகளே நீடிப்பவை. கண்ணை எடுத்தால் தோற்போம். எடுக்காவிட்டால் தாயிடம் சிக்குவோம்.

இதன் அமைப்பில் வீண் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. கதையில் சிறுவன் செய்வதையே ஆடுபவரின் உடலும் செய்கிறது: கையில் ஒளிரும் சிறு திரையைப் பார்க்கிறது, தலை தூக்கி அறையைப் பார்க்கிறது, மீண்டும் குனிகிறது. புதினங்களில் ஒளிந்து படிக்கும் சிறுவரைப் படித்திருக்கிறோம். அவர்களின் கழுத்து அசைவை நம் கழுத்தில் உணர்ந்ததில்லை. சிரிப்பும் திகிலும் ஒருசேரப் பிறக்கும் இப்படைப்பைக் கேம்பேடின் ஆகச் சிறந்த படைப்பாகக் கருதுகிறேன். 2018இல் 3டிஎஸ் கருவிக்கு வந்த வாரியோவேர் கோல்டு தொகுப்பில் இக்கற்பனை மீண்டும் கையாளப்பட்டது. அங்கே இரு திரைகளுக்கும் இடையே ஒரு கீலின் இடைவெளிதான். ஆகவே தாய்க்குப் பயப்படுவதற்கு அவ்வளவு காரணமில்லை.

நாப்நாக் கேம்ஸ் என்ற சிறு குழு, நிக்லஸ் நிகிரெனுடன் சேர்ந்து 2015இல் வெளியிட்ட அஃபோர்டபிள் ஸ்பேஸ் அட்வென்ச்சர்ஸ் மற்றொரு வழியை எடுத்தது. மலிவான விண்கலம் ஒன்றின் இயக்கப்பலகையாகக் கைத்திரை மாறுகிறது. இயந்திரங்களை ஏற்றி இறக்கவும், ஒலியையும் வெப்பத்தையும் மின்கசிவையும் குறைத்துப் பகை இயந்திரங்களின் கண்ணில் படாமல் நழுவவும் ஒவ்வொரு முறையும் குனிய வேண்டும். சாலையை விட்டுக் கண்ணெடுத்து வண்டியின் அளவிகளைப் பார்க்கும் ஓட்டுநரின் நிலை இது. மூவர் சேர்ந்து ஆடினால் ஒருவர் பொறியாளராகி முழுநேரமும் கைத்திரையில் இருப்பார். ஒருவர் தலைக்குள் நடந்த அலைவு அப்போது மூவருக்கிடையிலான பேச்சாக, பெரும்பாலும் சண்டையாக, மாறிவிடும்.

பலர் ஆடும் விளையாட்டுகளில் இரு திரை வேறொரு பயனைத் தந்தது: ஒருவருக்குத் தெரிவது மற்றவருக்குத் தெரியாது. நிண்டெண்டோ லேண்டு தொகுப்பின் லூயிஜிஸ் கோஸ்ட் மேன்ஷனில் கேம்பேட் வைத்திருப்பவரே பேய். மற்ற நால்வரும் காணும் பெருந்திரையில் அவர் தெரிவதில்லை. அருகில் வந்தால் அவர்களின் கைக்கருவி அதிரும், அவ்வளவே. ஒரே இருக்கையில் அமர்ந்து பேயின் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும் ஆட்டத்தின் பகுதியாகிவிடுகிறது. கன்சோலுடன் வந்த முதல் தொகுப்பிலேயே இவ்வளவு செம்மையாகக் கையாளப்பட்ட இவ்வழியைப் பின்னர் நிண்டெண்டோவே அதிகம் தொடரவில்லை. இரண்டாவது கேம்பேடையும் கன்சோல் ஏற்கும் என்று 2012இல் அறிவித்தனர். அதைப் பயன்படுத்திய விளையாட்டு ஒன்றும் வரவில்லை.

நோக்கு சிதைந்த இடங்கள்

பெரும்பாலான விளையாட்டுகள் கைத்திரையை நிலப்படம் வைக்கும் தட்டாகவே கொண்டன. அதில் தீங்கொன்றுமில்லை, பயனும் பெரிதாக இல்லை. 2014இன் டாங்கி காங் கன்ட்ரி: டிராபிக்கல் ஃப்ரீஸ், தொலைக்காட்சியில் ஆடும்போது கைத்திரையை முற்றிலும் இருளாக்கிவிட்டது. சொல்ல ஒன்றுமில்லாத இடத்தில் பேசாதிருந்த நேர்மை என்று அதை நான் மதிக்கிறேன். 2015இன் ஸ்ப்ளாட்டூன் நிலப்படத்திலும் ஒரு விலையை வைத்தது. எந்தப் பகுதியில் எவர் மை பூசியுள்ளனர் என்று பார்க்கக் குனியும் நொடியில் ஆடுபவர் சுடப்படலாம். ஆயினும் குனிந்து ஒரு தோழரைத் தொட்டால் அவரருகே பாய்ந்து சேரலாம்.

கடுந்தோல்வி ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோ. கேம்பேடின் பயனை நிறுவிக்காட்டும் பொறுப்பைச் சுமந்து, ஷிகெரு மியாமோட்டோவின் மேற்பார்வையில் உருவாகி, 2016 ஏப்ரலில் வந்தது. பெருந்திரையில் விமானம் வெளியிலிருந்து தெரிகிறது. கைத்திரையில் விமானியின் இருக்கையிலிருந்து தெரியும் காட்சி. கருவியைச் சாய்த்துக் குறிபார்க்க வேண்டும். பெருந்திரையில் தெரியும் குறி தோராயமானது. துல்லியமாகச் சுடக் கைத்திரையைப் பார்த்தாக வேண்டும். தடைகளில் மோதாமல் பறக்கவோ பெருந்திரை தேவை.

மேற்போக்காகப் பார்த்தால் இதுவும் ஜோம்பியூ செய்ததைத்தான் செய்கிறது. வேறுபாடு நுட்பமானது. ஜோம்பியூவில் குனிவது ஆடுபவரின் முடிவு: இப்போது குனியலாமா, அடுத்த அறைக்குப் போய்க் குனியலாமா என்று அவர் எண்ணிப்பார்க்கிறார். அந்த எண்ணமே ஆட்டம். ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோவில் இரு திரைகளும் ஒரே வெளியை, ஒரே கணத்தை, இரு கோணங்களில் காட்டுகின்றன. இரண்டும் எப்போதும் தேவைப்படுகின்றன. தேர்ந்தெடுப்பதற்கு எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தித் திரைகளை இடம் மாற்றிக்கொள்ளும் வசதி தரப்பட்டிருப்பதே, இரண்டில் ஒன்று போதும் என்ற உண்மையை ஒப்புக்கொள்கிறது. அதனுடன் வந்த ஸ்டார் ஃபாக்ஸ் கார்டு இதைவிட எளியது, ஆனால் சிறந்தது. பெருந்திரையில் 12 காவல் கேமராக்களின் காட்சிகள். கைத்திரையில் அவற்றின் நிலப்படம். எதிரி எந்தக் காட்சியில் தோன்றினான் என்று பார்த்து, அந்த எண்ணைக் கீழே தொட வேண்டும். மேலே அறிதல், கீழே செய்தல் என்ற பிரிவு தெளிவாக இருப்பதால் கண்ணுக்குக் குழப்பமில்லை.

செல்டா வரிசையின் ப்ரெத் ஆஃப் தி வைல்டு கேம்பேடுக்கென்றே தொடங்கப்பட்டது. 2014இன் இறுதியில் அதைக் காட்டியபோது நிலப்படம் கைத்திரையில் இருந்தது. 2017இல் வெளிவந்தபோது அது நீக்கப்பட்டிருந்தது. பார்வை மேலும் கீழும் மாறுவது ஆடுபவரின் கவனத்தைக் கலைக்கிறது என்று அதன் தயாரிப்பாளர் எய்ஜி ஆனுமா காரணம் கூறினார். அவ்விளையாட்டைப் பொறுத்தவரை அவர் முடிவு சரியே. தொலைவில் தெரியும் மலையைப் பார்த்துக்கொண்டே நடப்பதில்தான் அதன் இன்பம் இருக்கிறது. அங்கே குனிவதற்கு விலை வைக்க முடியாது, இழப்பு மட்டுமே மிஞ்சும். அவர் கூறியதைக் கருவி முழுமைக்குமான தீர்ப்பாக எடுத்துக்கொண்ட எழுத்துகளை ஏற்க இயலவில்லை.

ஸ்விட்சுக்குப் பின்

மக்கள் கேம்பேடில் மிகவும் விரும்பிய வசதி, தொலைக்காட்சியை வீட்டார் பார்க்கும்போது விளையாட்டு முழுவதையும் கைத்திரையிலேயே ஆடுவது. இரு திரைக் கருவியின் பெரும்புகழ் ஒரு திரையை அணைப்பதில் கிடைத்தது. நிண்டெண்டோ அதைக் கவனித்தது. 2017 மார்ச்சில் வந்த ஸ்விட்ச் கன்சோலின் திரையும் அதே 6.2 அங்குலம். தொலைக்காட்சியோடு இணைக்கத் தாங்கியில் செருகினால் அத்திரை மறைந்துவிடும். இரு திரைகளும் ஒரே நேரத்தில் ஒளிர்வது அங்கே இயலாத செயல். ஸ்விட்ச் பெற்ற பெருவெற்றியில் குறைகாண ஒன்றுமில்லை. எனினும் 2015இன் சூப்பர் மாரியோ மேக்கரில் ஸ்டைலஸால் வரைந்து, நிமிர்ந்து பெருந்திரையில் பார்த்தவர்கள், அதன் இரண்டாம் பகுதியைத் தொலைக்காட்சியில் ஆடும்போது பொத்தான்களால் கட்டங்களை ஒவ்வொன்றாக நகர்த்தி வைக்க வேண்டியதாயிற்று.

மாரியோ கார்ட் 8, டிராபிக்கல் ஃப்ரீஸ் ஆகியவை எளிதாகவே ஸ்விட்சுக்கு மாறின. கேம்பேடை எவ்வளவு குறைவாகச் சார்ந்திருந்தனவோ அவ்வளவு எளிதாக மாறின. எஞ்சி நிற்பவை கேமர், நிண்டெண்டோ லேண்டு, அஃபோர்டபிள் ஸ்பேஸ் அட்வென்ச்சர்ஸ் போன்றவை; இக்கட்டுரை சிறந்தவையென்று கொண்டவை பெரும்பாலும் அவையே. வீ யூவின் இணையச் சேவை 2024 ஏப்ரலில் நிறுத்தப்பட்டது. கேம்பேட் பழுதானால் கன்சோலின் அமைப்புகளைக்கூட மாற்ற இயலாது. மின்கலங்களோ மூத்துக்கொண்டு வருகின்றன.

வீ யூவைக் கணினியில் போலச்செய்யும் செமு என்னும் மென்பொருள் விளையாட்டுகளின் நிரலைக் காப்பாற்றிவிட்டது. 2022இல் அதன் மூலநிரலும் பொதுவில் வைக்கப்பட்டது. அதில் பெருந்திரையும் கைத்திரையும் ஒரே கணினித் திரையில் அருகருகே இரு சாளரங்களாகத் திறக்கின்றன. 9-வோல்ட் அங்கே தன் தாயை ஓரக்கண்ணாலேயே பார்த்துவிடுகிறான். இவ்வகைப் படைப்புகளைப் பேண முனையும் ஆவணக்காப்பகங்கள் நிரலோடு நிற்காமல், இயங்கும் கேம்பேடுகள் இருக்கும்போதே, ஆடுபவர் ஒருவரின் தலையும் கண்ணும் பதிவாகுமாறு, இரு திரைகளின் காட்சிகளோடு சேர்த்து ஒரே கால அளவில் படம் எடுத்து வைக்க வேண்டும். அவர் தொலைக்காட்சியிலிருந்து எவ்வளவு தள்ளி அமர்ந்திருந்தார் என்பதையும் அருகில் குறித்து வைப்பது நல்லது.